பஞ்சாயத்தாரின் ஏகமனதான அபிப்பிராயம்

2008ஆம் ஆண்டு கோடையில் என் தாய்மாமன் ஒரு கிணற்றில் பிணமாக மிதந்தார். கிணறு ஊர்த்தெருக்காரர் ஒருவருடையது. எங்கள் சேரியிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம். நான் அப்போது பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உடலை மேலே தூக்கி வேப்பமர நிழலில் கிடத்தியிருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் பைக் சீட்டின் மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்கினார். நான்கு பேர் ஊர்த்தெரு. அதில் ஒருவர் கிணற்றுக்காரரின் பங்காளி. ஐந்தாவது கையெழுத்து என் அப்பாவுடையது. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் தாளை அவர் கையில் கொடுக்கவில்லை. "பாடி சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா போடுப்பா, வெயில் ஏறுது" என்றார் எழுதியவர். அப்பா போட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, மரண விசாரணை ஆவணங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யத் தொடங்கிய பிறகு, அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கினேன். மூன்று முறை மனுப் போட வேண்டியிருந்தது. இரண்டரைப் பக்கம். கடைசிப் பத்தி இப்படி முடிகிறது: மேற்படி நபர் நீச்சல் தெரியாத நிலையில் தண்ணீர் குடிக்க இறங்கியபோது கால் தவறி விழுந்து மூழ்கி இறந்திருக்கலாம் என்பது பஞ்சாயத்தார்களின் ஏகமனதான அபிப்பிராயம்.

எனக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தவர் என் மாமா. பொட்டப்பிள்ளைக்கு எதுக்குடா நீச்சல் என்று பாட்டி திட்டத் திட்ட, ஏரியில் என்னை இடுப்பில் துண்டு கட்டி இறக்கியவர். கிணறுகளில் மூழ்கி மோட்டார் ஃபுட்வால்வைக் கழற்றி மாட்டும் வேலையைச் செய்தவர். அறிக்கையில் "கடைசியாக உயிருடன் பார்த்தவர் யார்" என்று ஒரு கலம் இருக்கிறது. அதில் "தெரியவில்லை" என்று எழுதியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கூலிப் பாக்கி கேட்டுக் கிணற்றுக்காரர் வீட்டுக்குத்தான் போகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அத்தையை யாரும் கேட்கவில்லை. அத்தை அன்று அந்த வேப்பமரத்திலிருந்து இருபதடி தள்ளி, பெண்கள் கூட்டத்தில், அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாமா கொல்லப்பட்டார் என்று நான் இங்கே எழுதவில்லை. அதைச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் கிடைத்திருக்கக்கூடிய ஒரே அரைமணி நேரம் ஒரு பைக் சீட்டின் மேல் முடிந்துபோனது என்பதைத்தான் எழுதுகிறேன்.

இன்க்வெஸ்ட் என்று போலீசும், பிரேத விசாரணை என்று காகிதமும் சொல்கிற இந்த வேலையைப் பற்றி நம் தோழர்களுக்குக்கூடத் தெளிவு குறைவு. பலர் இதைப் பிரேதப் பரிசோதனையோடு குழப்பிக்கொள்கிறார்கள். பரிசோதனை மருத்துவர் செய்வது, பிணவறையில் நடப்பது. விசாரணை அதற்கு முன்னால், உடல் கிடந்த இடத்திலோ பிணவறை வாசலிலோ நடப்பது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194ஆவது பிரிவு. எண் மாறியிருக்கிறது, எலும்பு அப்படியேதான் இருக்கிறது. தற்கொலை, கொலை, விபத்து, சந்தேகத்துக்கிடமான சாவு என்று தகவல் வந்தால் காவல் அதிகாரி ஸ்தலத்துக்குப் போக வேண்டும். உடலில் இருக்கும் காயங்களை விவரித்து, வெளிப்பார்வைக்குத் தெரிகிற மரணக் காரணம் என்ன என்று அறிக்கை எழுத வேண்டும். கூட இருப்பவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். புதிய சட்டம் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் மாவட்ட நடுவருக்கோ கோட்ட நடுவருக்கோ, அதாவது நடைமுறையில் ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ, அனுப்பச் சொல்கிறது. அவ்வளவுதான் புதுமை.

யார் கூட இருக்க வேண்டும்? அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் மதிக்கத்தக்க இரண்டு பேர் அல்லது அதற்கு மேல். சட்டத்தின் சொல் இது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலிருந்து 1973 சட்டத்துக்கு வந்து, அங்கிருந்து 2023 சட்டத்துக்கும் அலுங்காமல் வந்து சேர்ந்திருக்கிறது. காலனிய அடையாளங்களைத் துடைக்கப் போகிறோம் என்று சொல்லிச் சட்டங்களுக்கெல்லாம் சமஸ்கிருதப் பெயர் வைத்தவர்கள் இந்தச் சொல்லைத் தொடவில்லை.

"அக்கம்பக்கம்" என்பதையும் கவனியுங்கள். இறந்தவரின் அக்கம்பக்கம் அல்ல, உடல் கிடந்த இடத்தின் அக்கம்பக்கம். ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கிற ஒரு நாட்டில் இந்த ஒரு சொல் போதும். தலித் ஒருவரின் உடல் ஊர்க்காரர் கிணற்றில், ஊர்க்காரர் தோப்பில், ஊர்க்காரர் ரைஸ்மில்லில் கிடந்தால், அதற்கு அக்கம்பக்கம் யார்? மதிக்கத்தக்கவர் யார்? சந்தேகப்பட வேண்டியவர்களின் பங்காளிகளே சாட்சிகளாக உட்காருகிறார்கள். அது சட்ட மீறல்கூட அல்ல. சட்டத்தைக் கடைப்பிடித்தாலே அப்படித்தான் அமையும்.

தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பெயர் பஞ்சாயத்தார். எந்தப் பஞ்சாயத்து மாமாவின் கூலிப் பாக்கியைத் தீர்த்துவைக்க மறுத்ததோ, எந்தப் பஞ்சாயத்தில் எங்கள் ஆட்கள் உட்கார முடியாமல் கைகட்டி நின்றார்களோ, அதே பெயரில் ஐந்து பேர் எங்கள் சாவுக்கு ஏகமனதாக அபிப்பிராயம் சொல்கிறார்கள். உடலை உண்மையிலேயே தொடுகிறவர், நான் பார்த்த பிணவறைகளில் எல்லாம், நம் ஆள்தான். மண்டையோட்டைத் திறப்பவர், காயத்தின் ஆழத்தை விரலால் அறிந்தவர். அவருடைய கையெழுத்துக்கு அந்தக் காகிதங்கள் எதிலும் இடமில்லை.

இந்தத் தாள் வெறும் சடங்கு, வழக்கைத் தீர்மானிப்பது புலன் விசாரணைதானே என்று வழக்கறிஞர் தோழர்கள் சொல்வார்கள். சட்டப்படி சரி. பிரேத விசாரணையின் நோக்கம் மிகக் குறுகியது, இது இயற்கை மரணமா இல்லையா, வெளிப்படையான காரணம் என்ன என்பதோடு அது முடிந்துவிடுகிறது, யார் தாக்கினார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1975இலேயே சொல்லிவிட்டது. ஆனால் நடைமுறை வேறு. இந்தத் தாள்தான் உடலோடு பிணவறைக்குப் போகிறது. மருத்துவர் கத்தியை எடுப்பதற்கு முன் படிக்கிற கதை இதுதான். "கால் தவறி விழுந்த" உடலில் மருத்துவர் தேடுவது ஒன்று, "அடித்துப் போட்டதாகச் சந்தேகிக்கப்படும்" உடலில் தேடுவது வேறு. இன்னும் ஒன்று: சாவின் காரணத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை என்று அதிகாரி கருதிவிட்டால், பரிசோதனைக்கு அனுப்பாமலே உடலை ஒப்படைக்கவும் சட்டத்தில் இடைவெளி இருக்கிறது. மணமாகி ஏழு ஆண்டுக்குள் இறந்த பெண் போன்ற சில வகைகளுக்குத்தான் அந்த இடைவெளி அடைக்கப்பட்டிருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் சேதம் இன்னும் பெரிது. 1995ஆம் ஆண்டு விதிகளின்படி வன்கொடுமை வழக்கை டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். ஆட்சியரும் எஸ்பியும் இடத்துக்கு வர வேண்டும். குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. இவை எல்லாம் எப்போது? வழக்கு அந்தச் சட்டத்தின் கீழ் பதிவானால். "சந்தேக மரணம்" என்று 174இல் ஒரு எண் போட்டு வைத்துவிட்டால் இந்தக் கதவுகள் ஒன்றுகூடத் திறக்காது. கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவல் வெளிப்படுத்தினால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அதற்கு எளிய மாற்றுவழி, தகவலே குற்றத்தை வெளிப்படுத்தாதபடி முதல் தாளை எழுதுவது.

தண்டவாளம் ஏன் நம் பிள்ளைகளின் கடைசி இடமாகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? தண்டவாளத்தில் கிடக்கும் உடலுக்கு ஒரு கதை தயாராக இருக்கிறது. அதற்கு அக்கம்பக்கம் இல்லை. ரயில்வே போலீஸ் 174 போடும், முடிந்தது. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்ட கோகுல்ராஜின் தலை துண்டிக்கப்பட்ட உடல் மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தபோது முதலில் பதிவானது சந்தேக மரணம்தான். தற்கொலைக் குறிப்பும் இருந்தது. அது மிரட்டி எழுதவைக்கப்பட்டது என்பதும், கோயிலின் சிசிடிவி காட்சிகளும், அவருடைய தாயின் விடாப்பிடியும் சேர்ந்துதான் அதைக் கொலை வழக்காக்கின. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜுக்கும் மற்றவர்களுக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சிசிடிவி இல்லாத கோயிலாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2013 ஜூலை 4 அன்று, தர்மபுரியில் இளவரசன் கிடந்ததும் தண்டவாளத்தின் ஓரத்தில்தான். அவருக்கு முதல் உடற்கூறாய்வு நடந்தது. பிறகு உயர் நீதிமன்றம் தலையிட்டு, டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வந்து இரண்டாவது முறை செய்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சிங்காரவேலு தலைமையில் ஆணையம் அமைந்தது. தற்கொலை என்று அது முடிவுக்கு வந்தது. நம் மக்களில் பெரும்பாலோர் இன்றும் அதை நம்பவில்லை. அந்த நம்பிக்கையின்மையை வெறும் உணர்ச்சி என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் அரைநாளில் நம்பகமாக ஒரு விசாரணை நடந்திருந்தால், பிறகு வந்த எந்த ஆணையத்தின் முடிவையும், அது எதுவாக இருந்தாலும், ஏற்கவோ மறுக்கவோ ஒரு தரை இருந்திருக்கும். தரையே இல்லாத இடத்தில் கட்டிய கட்டடங்கள் அவை.

உடலே இல்லாமல் போகிற சாவுகள் தனி. சாதி மறுத்துக் காதலித்த பெண்ணை இரவோடு இரவாக எரித்துவிட்டு, வயிற்று வலியில் செத்தாள் என்று விடியலில் சொல்வது நமக்குப் பழக்கமான செய்தி. சந்தேக மரணத்தைத் தெரியப்படுத்துவது கிராம அலுவலர்களின் சட்டக் கடமை. சுடுகாட்டுப் புகை விஏஓவுக்கும் தெரியும், தலையாரிக்கும் தெரியும். தகவல் தராததற்காக அவர்கள் மேல் நடவடிக்கை வந்த ஒரு காகிதத்தையும் என் ஆய்வில் நான் பார்க்கவில்லை.

இங்கேதான் கரோனர் வருகிறார். ஆய்வுத் தலைப்பைச் சொன்னால் விடுதித் தோழிகள் "கொரோனாவா, அதான் முடிஞ்சிபோச்சே" என்பார்கள். ஒருவகையில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: கிரீடம். 1194இல் இங்கிலாந்தில் மன்னனின் வழக்குகளைக் காக்க உருவான பதவி அது. ஏழைகளின் சாவில் அக்கறைப்பட்டு அல்ல, சாவுகளால் கஜானாவுக்கு வர வேண்டிய அபராதமும் பறிமுதலும் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள. எண்ணூறு ஆண்டுகளில் அது வேறொன்றாக வளர்ந்தது: போலீசிடமிருந்து தனித்து நின்று, பகிரங்கமாக, இவர் யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்று கேட்கும் அலுவலகம். யாரையும் அது தண்டிக்க முடியாது. குற்றவாளி என்று பெயர் சொல்லவும் முடியாது. ஆனால் குடும்பம் உட்காரலாம், சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம். அரசின் காவலில் இயற்கைக்கு மாறாக ஒருவர் இறந்தால் ஜூரி கட்டாயம். இன்னொரு சாவு நேராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கரோனர் எழுதினால், எழுதப்பட்டவர் 56 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

நம்மிடமும் இருந்தது. 1871ஆம் ஆண்டு கரோனர்கள் சட்டம் கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கு ஜூரியோடு கூடிய மரண விசாரணையைக் கொடுத்தது. சென்னையில் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பதவியே ஒழிந்துவிட்டது. மும்பையில் 1999 வரை தாக்குப்பிடித்தது. ஆங்கிலேயர்கள் வாழ்ந்த மாநகரங்களுக்குக் கரோனர், நாட்டுப்புறத்துக்குத் தாரோகாவும் மதிக்கத்தக்க இருவரும். அந்தப் பிரிவினையைச் சுதந்திர இந்தியா சமப்படுத்திய விதம் வேடிக்கையானது: கீழே இருப்பவர்களை மேலே கொண்டுவரவில்லை, மேலே இருந்ததை எடுத்துவிட்டது. கடல் தாண்டி இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டினால் "திடீர் மரண விசாரணை அதிகாரி" என்ற பதவியை அடிக்கடி பார்க்கலாம். அங்கே நடந்த பெருங்கொலைகளை அந்தப் பதவி தடுத்துவிடவில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

ஆகவே கரோனரை இறக்குமதி செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசலில் சிக்கி, கடைசியில் 97 பேர் இறந்தார்கள். தொழிலாளர் நகரமான லிவர்பூல் அணியின் ரசிகர்கள். முதல் கரோனர், செத்த சிறுவர்களின் ரத்தத்தில்கூடச் சாராயம் இருக்கிறதா என்று சோதிக்கச் சொன்னார். பிற்பகல் 3.15க்குப் பிறகு நடந்தது எதையும் கேட்க மாட்டேன் என்றார். 1991இல் வந்த முடிவு: விபத்து. குடும்பங்கள் விடவில்லை. 2012இல் அந்த முடிவு ரத்தாகி, புதிய விசாரணையில் 2016 ஏப்ரலில் ஜூரி சொன்னது: சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் தவறில்லை. 27 ஆண்டுகள். ஆனாலும் நான் கவனிப்பது, திரும்பத் திறப்பதற்கு அங்கே ஒரு கதவு இருந்தது என்பதைத்தான்.

என் ஆய்வை உண்மையில் திருப்பிப்போட்டவை வேறு இரண்டு விசாரணைகள். ஒன்று லண்டனில், எல்லா என்ற ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமியின் சாவு. 2013இல் ஆஸ்துமாவில் இறந்தாள். 2014 விசாரணை மூச்சுத் திணறலோடு நின்றுவிட்டது. தாய் போராடி அதை ரத்துசெய்ய வைத்தார். 2020 டிசம்பரில் இரண்டாவது கரோனர், மரணக் காரணத்தில் காற்று மாசையும் சேர்த்து எழுதினார். வீட்டுக்கு அருகே ஓடிய சாலையின் புகை, ஒரு குழந்தையின் இறப்புக் காரணமாகக் காகிதத்தில் ஏறியது. பிரிட்டனில் அதுதான் முதல்முறை.

மற்றொன்று ஆஸ்திரேலியாவில். அங்கே பூர்வகுடிகளின் காவல் மரணங்கள் 99ஐ ஆராய்ந்த அரச ஆணையம் 1991இல் 339 பரிந்துரைகளைத் தந்தது. மரண விசாரணைகள் எவ்வளவு அலட்சியமாக நடந்தன என்பதும் அதில் பேசப்பட்டது. அதற்குப் பின்னும் சாவுகள் நிற்கவில்லை. 2017 டிசம்பரில் டான்யா டே என்ற பூர்வகுடிப் பெண் ரயிலில் தூங்கிக்கொண்டிருந்தார். பொது இடத்தில் குடிபோதை என்று போலீஸ் கொண்டுபோய் அடைத்தது. லாக்கப்பில் விழுந்து தலையில் அடிபட்டு, பிறகு மருத்துவமனையில் இறந்தார். அவருடைய பிள்ளைகள் கரோனரிடம் கேட்டார்கள்: எங்கள் அம்மாவின் சாவில் நிறவெறிக்குப் பங்கு உண்டா என்று விசாரியுங்கள். கரோனர் அதை விசாரணையின் வரம்புக்குள் எடுத்துக்கொண்டார். 2020இல், ரயில் நடத்துநர் போலீசைக் கூப்பிட்ட முடிவில் அவர் பூர்வகுடிப் பெண் என்பதும் வேலை செய்தது என்று எழுதினார். போலீசார் யார் மேலும் வழக்கு வரவில்லை. அது தோல்விதான். ஆனால் பொதுவிடப் போதையைக் குற்றமாக்கிய சட்டம் விக்டோரியா மாநிலத்தில் பிறகு நீக்கப்பட்டது.

இப்போது மலக்குழிக்கு வாருங்கள். செப்டிக் டேங்கில் இறங்கி இறந்தவரின் தாளில் என்ன இருக்கும்? "விஷவாயு தாக்கி மூச்சுத்திணறி". மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு என்று வேதியியல் எழுதத் தெரிந்த அரசுக்கு, அந்தக் குழிக்குள் ஏன் குறிப்பிட்ட சில சாதியினரே இறங்குகிறார்கள் என்று எழுதத் தெரியாது. படிவத்தில் சாதிக்கு ஒரு கலம் இருக்கிறது, கவனியுங்கள். பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது. அடையாளமாக அதைக் கேட்கிறார்கள். காரணமாக அது வருவதற்குத்தான் கலம் இல்லை. 2013ஆம் ஆண்டுத் தடைச் சட்டம், 10 லட்ச ரூபாய் தரச் சொன்ன 2014 தீர்ப்பு, அதை 30 லட்சமாக்கிய 2023 அக்டோபர் தீர்ப்பு, எல்லாம் நம் கையில் இருக்கின்றன. அவற்றை எல்லாம் முறியடிக்க முதல் தாளில் "தானாக" என்று ஒரு சொல் போதும்.

நம் சட்டத்திலும் ஒரு நல்ல ஓட்டை உண்டு. 2005 திருத்தம் வழியே வந்தது: போலீஸ் காவலில் சாவு நேர்ந்தால், போலீசின் விசாரணைக்கு மேல் நீதித்துறை நடுவர் தனியே விசாரிக்க வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்லி, கூட இருக்க அனுமதிக்க வேண்டும். அது உண்மையாக நடந்தால் என்ன ஆகும் என்பதை 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் பார்த்தோம். ஜெயராஜ், பென்னிக்ஸ் சாவை விசாரிக்கப் போன கோவில்பட்டி நடுவர் பாரதிதாசன், காவல் நிலையத்தில் அவமதிக்கப்பட்டும் நின்று, தலைமைக் காவலர் ரேவதியின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்தார். லத்தியில் ரத்தக்கறை இருந்தது பற்றி அந்த வாக்குமூலம் இல்லாமல் நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. தனிமனிதர் ஒருவரின் முதுகெலும்பை நம்பியிருக்கும் ஏற்பாடு நல்ல ஏற்பாடல்ல என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

அதே 2020இல் மதுரை மாவட்டம் அணைக்கரைப்பட்டியில் தலித் இளைஞர் ஒருவர், அண்ணன் வேற்றுச் சாதிப் பெண்ணோடு போனதற்காகப் போலீசால் விசாரிக்கப்பட்டு, பிறகு மலையில் தூக்கில் தொங்கிக் கிடந்தார். அந்த வழக்கில் டிசம்பரில் மதுரைக் கிளை சொன்னவற்றை ஒவ்வொரு இளைஞரும் மனப்பாடம் செய்ய வேண்டும்: பரிசோதனைக்கு முன் குடும்பத்தினர் உடலை முன்னும் பின்னும் பார்க்கவும் படமெடுக்கவும் விட வேண்டும், பரிசோதனையை வீடியோ எடுக்க வேண்டும், அறிக்கையைக் குடும்பத்துக்குத் தர வேண்டும்.

ஆனால் இவை காவல் மரணங்களுக்கு. சாதியின் காவலில் இருக்கும்போது சாகிறவர்களுக்கு? பண்ணையார் கிணறு, பெண் வீட்டுத் தோப்பு, அபார்ட்மெண்ட் மலக்குழி இவையெல்லாம் யாருடைய காவல்? ஆணவக்கொலைக்குத் தனிச் சட்டம் குறித்துப் பரிந்துரைக்க, முன்னாள் நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. தண்டனையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நான் கேட்பது தண்டனைக்கு வெகுமுன்னால் இருக்கிற ஒரு இடத்தைப் பற்றி. சாதி மறுப்புக் காதலில் இருந்தவர் சந்தேகமாக இறந்தால், தலித்தோ பழங்குடியோ வேலையிடத்தில் சந்தேகமாக இறந்தால், மலக்குழியில் யார் இறந்தாலும், காவல் மரணத்துக்குச் செய்வதைப் போலவே நீதித்துறை நடுவரின் விசாரணை கட்டாயமாக வேண்டும். பஞ்சாயத்தாரில் பாதிப் பேர் இறந்தவரின் குடியிருப்பிலிருந்து வர வேண்டும். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஏகமனது வராவிட்டால் மாற்றுக் கருத்தை எழுத ஒரு கலம் வேண்டும். கோட்டாட்சியர் அலுவலக அலமாரியில் கிடக்கும் அறிக்கைகள் குடும்பத்துக்குக் கேட்காமலே கிடைக்க வேண்டும்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் எப்போதும் பிந்திப் போகிறோம். உடலை வாங்க மறுத்து மறியல் செய்ய நமக்குத் தெரியும். அது வீண் என்று சொல்ல மாட்டேன், அதனால் திருத்தப்பட்ட வழக்குகள் ஏராளம். ஆனால் மறியல் தொடங்கும்போது தாள் எழுதி முடிந்திருக்கும். அதில் நம் ஆள் ஒருவரின் கையெழுத்தும் இருக்கும்.

சில மாதங்களுக்கு முன், மலக்குழியில் இறந்த ஒருவரின் தம்பியோடு ஒரு மாவட்டத் தலைநகரின் பிணவறை வாசலில் நின்றேன். இருபத்திரண்டு வயதுப் பையன். லோடு ஆட்டோ ஓட்டுகிறான். எஸ்ஐ தாளை நீட்டி, போடுப்பா என்றார். "படிச்சிட்டுப் போடறேன் சார்" என்றான். வெயில் ஏறுகிறது என்று இவரும் சொன்னார். பையன் படிக்கட்டில் உட்கார்ந்து, விரலை வரிக்கு வரி வைத்து, முக்கால் மணி நேரம் படித்தான். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. "தொட்டிக்குள் தானாக இறங்கி" என்று இருந்தது. அவன் எழுந்து போய், இறங்கலை சார், இறக்கிவிட்டாங்க, ஓனர் நின்னு இறக்கினதைப் பார்த்த ஆள் இருக்கு, அப்படி எழுதினாத்தான் போடுவேன் என்றான். கொஞ்ச நேரம் சத்தம். இரண்டு போன். பிறகு எஸ்ஐ அந்த வரியை அடித்து, மேலே சிறிய எழுத்தில் "இறக்கிவிடப்பட்டு" என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். பையன் தன் போனில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு, பிறகு கையெழுத்துப் போட்டான்.